மிச்சக் காற்று

கொழும்பில் விளக்குப் போடுகிற நேரம்
எங்கள் படகுத்துறை ஒரு விரற்கடை இறங்கும்.
காசல்ரீத் தண்ணீர் அப்படித்தான்,
கரண்டாகிப் போய்விடும்.
எங்களுக்குச் சேறு மிஞ்சும்,
அதன்மேல் போட இன்னொரு பலகை தேட வேண்டும்.

படகு பதினெட்டு அடி.
அடியில் மயிரளவு வெடிப்பு.
பகலில் சவரிமுத்து வாளியால் இறைப்பான்,
இரவில் பம்ப் இறைக்கும்
பற்றரிக்கு உயிர் இருக்கும்வரை.
போன மாதம் ஓர் இரவு உயிர் இருக்கவில்லை.
விடிய வந்து பார்த்தால்
கயிறு மட்டும் தண்ணீருக்குள் நேராக இறங்கிக் கிடந்தது.
கரையைச் சுற்றி நடந்து
பெரட்டுக்குப் பிந்திப் போன
பதினொரு பேருக்கும் அன்று அரைப்பேர்.

சோலார் தட்டு வைக்கலாமே என்றார் ஆசிரியர்.
ஆனி பிறந்தால் இங்கே வெயில்
கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஒளிந்துகொள்ளும்.
காற்று அப்படியில்லை.
கூப்பிடாமலே வந்து கூரைத் தகரத்தைக் கேட்கும்.

ஹட்டனில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது காற்றாடி.
காலித் துறைமுகத்தில்
யாரோ வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன
பாய்க்கப்பலில் இருந்ததாம்.
மூன்று இதழ்.
ஒன்றின் இடுக்கில் உப்பு இன்னும் வெள்ளையாக.
நான்காயிரம் அடி மேலே வந்த கடல்.
நக்கிப் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை.

மேலிருந்து மூன்று கம்பி வருகிறது,
மூன்றும் மஞ்சள்.
எதை எதில் கொடுத்தாலும் சரி.
பெட்டியைத் தாண்டிய பிறகுதான்
சிவப்பு, கறுப்பு,
மாற்றினால் புகை.

வயர் தடிப்பாக வேண்டும் என்றேன்.
விலையைக் கேட்டு
மெல்லிசு போதாதா என்றான் சவரிமுத்து.
உன் அக்கா சம்பளச் சிட்டை மாதிரி ஆகும்,
பிடிப்பெல்லாம் போகக்
கைக்கு வருவதுதான் பற்றரிக்கு என்றேன்.
அடுத்த நாள் தடித்த வயரோடு வந்தான்.
எங்கே கடன் வாங்கினான் என்று கேட்கவில்லை.

பியூஸ், பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்.
முனைகளுக்குக் கிரீஸ்.
எல்லாம் சரியாகச் செய்த கைதான்
இதழ்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தது,
பற்றரியைப் பூட்டும் முன்னே.

சுமையில்லாத காற்றாடி எதற்கும் அடங்காது.
முதலில் விசில்,
பிறகு இதழே தெரியவில்லை,
வெள்ளையாய் ஒரு வட்டம், ஒரு ஊளை.
கம்பம் நடுங்கப் படகும் நடுங்கியது.
திலகராணி கொழுந்துக் கூடையைத்
தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.
குறட்டால் மூன்று மஞ்சளையும் பிடித்து
ஒன்றோடொன்று முறுக்கினேன்.

யாரோ பிடரியைப் பிடித்த மாதிரி
தள்ளாடி நின்றது.

"மூணு பேரையும் ஒரே காம்பராவில போட்டா
சண்டை ஓயுமா?
எங்க லயத்தில நடக்காதே அது."
கூடைக்குள்ளிருந்து திலகராணி.

பற்றரியைப் பூட்டினேன். முறுக்கை அவிழ்த்தேன்.
சின்னப் பச்சை விளக்கு.
பம்ப் இருமி,
ஒரு வாய் தண்ணீரைத் துப்பியது.

இரவு ஒன்பதுக்கே பற்றரி நிறைந்துவிட்டது.
அது காற்றுக்குத் தெரியுமா?
போதும் என்றால் மறுபடி ஊளையிடும்.
அதனால் பலகைக்குக் கீழே
தகரக் கூட்டுக்குள் ஒரு கம்பிச்சுருள் வைத்திருக்கிறேன்,
மிச்சமெல்லாம் அங்கே போய்ச் சூடாகட்டும் என்று.
வீண் செலவுதான்.
ஆனாலும் எங்காவது செலவாக வேண்டும்.

விடிய ஐந்தரைக்கு
மழையில் நனைந்த பதினொரு பேர் ஏறினார்கள்.
பலகை சுடுதே என்றாள் ஒருத்தி.
பிறகு யாரும் பேசவில்லை.
கம்பளியை விரித்து, காலை நீட்டி,
இடம் மாற்றி இடம் மாற்றி உட்கார்ந்தார்கள்.

தலைக்கு மேலே
பெரிய கம்பிகள் முனகியபடி
மலை தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

வெடிப்பு இன்னும் அடைபடவில்லை.
துறை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
பலகையை நகர்த்தினோம்.